ஹெப்பகோடிக்கு எத்தனை எழுத்து?

ஓசூர்ச் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, பொம்மசந்திரத்துக்குச் சற்று முன்னதாக, 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயில் நின்று செல்லும் ஹெப்பகோடியில் குடியிருக்கும் தமிழர்கள் சிலர் கூடிப் பொங்கல் விழா நடத்துவதென்று நிச்சயித்தபோது, வருகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்வதற்கான பெயர்ச் சீட்டுகளைத் தயாரிக்கும் கைங்கரியம், கணினியோடு நித்தமும் மல்லுக்கு நிற்பவன் என்ற ஒரே யோக்கியதையால் என் தலையில் வந்து விழுந்தது. சீட்டின் அடியில் ஊர்ப் பெயருக்கு எட்டு எழுத்துக்கு இடம் ஒதுக்கினேன். ஹெ, ப், ப, கோ, டி என்று விரல்விட்டு எண்ணினால் ஐந்துதானே, எட்டு தாராளம் என்பது என் கணக்கு. எட்டுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும்படி, கணினிக்குக் கட்டளையிட உதவும் பாஷ் ஷெல்லில் ஒரு வரியும் எழுதி வைத்தேன். மறுநாள் அச்சாகி வந்த கட்டைப் பிரித்தால், அத்தனை சீட்டுகளிலும் "ஹெப்பகோட" என்று ஊர் அந்தரத்தில் நின்றது. கன்னட நண்பர்களுக்காக அவர்கள் லிபியில் அடித்த சீட்டுகளிலும் கடைசி இகரத்தைக் காணோம்.

ஷெல்லில் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்பதற்கு டாலர் குறியிட்டு, நெளிவடைப்புக்குள் # குறியையும் மாறியின் பெயரையும் எழுதினால் போதும். தமிழில் எழுதிய ஹெப்பகோடியைக் கொடுத்துக் கேட்டேன், ஒன்பது என்றது. கன்னடத்தில் கொடுத்தேன், அதற்கும் ஒன்பது. ஆங்கில எழுத்தில் கொடுத்தேன்; அதுவும் ஒன்பதுதான். மூன்று லிபிகளும் ஒரே விடையில் வந்து கூடும் இந்த அதிசயம் எங்கிருந்து உற்பத்தியாயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் சீட்டுகளைத் திருத்துவதில் எனக்கு மனம் செல்லவில்லை.

பாஷ் என்பது பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் வெளியிட்டு, பின்னர் செட் ராமி நெடுங்காலமாகப் பேணி வரும் ஷெல். அதன் பெயரே தனக்கு முந்திய போர்ன் ஷெல்லை வைத்துச் செய்த ஒரு சிலேடை. ஆகவே முதலில் போர்ன் ஷெல்லிடம் போனேன். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் போர்ன் இயற்றி, 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது அது. அல்கால் 68 மொழியின் பக்தரான அவர், இஃப் என்று தொடங்கியதை அதையே தலைகீழாக்கி ஃபை என்று முடித்தவர். டூ என்று தொடங்குவதையும் அப்படியே புரட்டி 'ஓடி' என்று முடித்திருக்கலாம்தான், ஆனால் அந்தப் பெயரில் வேறொரு கருவி ஏற்கெனவே குடியேறிவிட்டிருந்தபடியால் டன் என்று வைத்தார். இத்தனை சாமர்த்தியம் இருந்தும், ஒரு சொல்லின் நீளத்தை அளக்கவோ அதன் தலையையோ வாலையோ கத்தரிக்கவோ அவருடைய ஷெல்லுக்குச் சுயமாகத் தெரியாது. அதற்கெல்லாம் எக்ஸ்பர், செட் போன்ற வெளி நிரல்களை ஒவ்வொரு முறையும் அழைக்க வேண்டியிருந்தது. ஒரு சொல்லைத் தொடும்போதெல்லாம் ஒரு புதிய நிரலைப் பிறப்பித்து மடியச் செய்வது, அந்தக் காலத்து மந்தமான இயந்திரங்களுக்குப் பெரும் பாரம்.

அந்தப் பாரத்தை இறக்கியவர் அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் கார்ன். 1983-இல் அவர் அறிமுகம் செய்த கார்ன் ஷெல்லின் வம்சத்தில்தான் இந்தச் சொல்வேலைகள் ஷெல்லின் உள்ளேயே குடிபுகுந்தன. மாறியின் பெயருக்குப் பின்னால் வந்தால் # தலைப்பகுதியை நீக்கும், % வால்பகுதியை நீக்கும். விசைப்பலகையில் $ குறிக்கு இடப்புறம் #, வலப்புறம் % இருப்பதால் மறக்கவும் மறக்காது. இத்தனை எளிய ஞாபகச் சூத்திரம் கணினி உலகில் அபூர்வம் என்பேன். இத்தனையாவது இடத்திலிருந்து இத்தனை எழுத்து என்று துண்டு போடும் வித்தை 1993-ஆம் ஆண்டுக் கார்ன் ஷெல்லில் வந்தது. அங்கிருந்து 1996-இல் வெளியான பாஷின் இரண்டாம் பதிப்புக்குத் தாவியது. என் சீட்டுகளின் வாலை அறுத்த அரிவாள் இதுதான்.

அரிவாளின் பூர்வோத்தரம் கிடைத்ததே தவிர, ஒன்பதின் ரகசியம் கிடைக்கவில்லை. என் கணினியிலேயே இருக்கும் டாஷ் என்ற வேறொரு சிறிய ஷெல்லிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, தமிழுக்கும் கன்னடத்துக்கும் இருபத்தேழு என்றது! பாஷும் 2002-க்கு முன்பு இப்படித்தான் பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் நம் எழுத்துகளின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு வேண்டும். மும்மூன்றாக ஒன்பது குறியீடுகள். அப்படியானால் ஷெல் எழுத்தை எண்ணவே இல்லை; ஏதோ ஓர் அட்டவணையின் கட்டங்களை எண்ணுகிறது. அந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டு போனால், அமெரிக்காவைத் தேடிச் சென்ற என்னை அது இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அந்த அட்டவணைதான் யூனிகோடு; 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பு, நம் லிபிகளை 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியத் தரத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. பிராமியின் சந்ததியான லிபிகள் அனைத்துக்கும் ஒரே வரிசை என்பது இஸ்கியின் சித்தாந்தம். அகரமேறிய மெய்க்கு ஒரு கட்டம், உயிர்க்குறிக்கு ஒரு கட்டம், புள்ளிக்கு ஒரு கட்டம். எனவே, தமிழர் ஐந்தாக எண்ணுவதையும், இரட்டித்த பகரத்தைக் கூட்டெழுத்தாக அடுக்கிக் கன்னடர் நான்காக எழுதுவதையும் அது சமமாக ஒன்பதாக்கிவிட்டது.

ஆங்கிலம் எப்படி இதில் வந்து ஒட்டிற்று? தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் பகர ஒலியை ஆங்கிலம் வெறும் ஓர் எழுத்தால் எழுதிவிடுகிறது. நாம் புள்ளிக்கென்று ஒரு கட்டம் அதிகம் செலவிடுகிறோம். இரண்டாவது பகரத்தில் ஆங்கிலம் அகரத்துக்கு ஓர் எழுத்து செலவிடுகிறது. நமக்கு அகரம் இனாம். வரவும் செலவும் நேராகிவிடுகின்றன. இது ஹெப்பகோடிக்கு வாய்த்த அதிர்ஷ்டமே அன்றிப் பொது விதியன்று. சாலைக்குப் பெயர் தந்த ஓசூரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஷெல் ஐந்து என்றே எண்ணுகிறது. கன்னடத்தில் எழுதினாலோ ஆறாகிவிடுகிறது.

இலக்கணம் படித்த குழந்தை எண்ணுவதுபோல் எண்ணுவதற்கு, கார்ன் ஒழித்த பழைய வழக்கத்துக்கே நான் திரும்ப வேண்டியதாயிற்று. பாஷுக்கு வெளியே பெர்ல் என்ற நிரலை அழைத்து, மெய்யையும் அதன் குறியையும் ஒன்றாகச் சேர்த்தே எடுக்கும்படி சொன்னால், அது ஐந்து என்கிறது. சீட்டுகளை மறுபடி அச்சிட்டோம். பழைய கட்டு என் மேசையில்தான் இருக்கிறது. பின்புறம் வெள்ளையாக இருப்பதால் கடைச் சாமான் குறிப்பு எழுத உபயோகப்படுகிறது.