திரையில் வந்த 181

"டீச்சர், கூட்டிப் பார்த்தா நூத்தி எண்பத்தொண்ணு வருது."

ஏழாம் வகுப்பு. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்பதை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் நீளும், சாயும். கோண அளவுகளும் கூடவே மாறும். முதல் நாள் இரவு உட்கார்ந்து தயார் செய்த பாடம். எண்கள் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தசமமே வராதபடி வைத்திருந்தேன். திரையில் 47, 72, 62 என்று நின்றது. மூன்றாவது வரிசைப் பெண் அதை நோட்டின் ஓரத்தில் கூட்டிவிட்டாள்.

என் கை மவுஸின் மேல் இருந்தது. முனையை இம்மி நகர்த்தினால் போதும், 180 வந்துவிடும், பாடம் நடந்துவிடும். ஏனோ அன்று கை நகரவில்லை. "கம்ப்யூட்டர் சொல்றது சரியா, புத்தகம் சொல்றது சரியா?" என்று வகுப்பைக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கடைசி வரிசைப் பையன் எழுந்தான். "டீச்சர், நேத்து பாகைமானி வச்சு அளந்தப்ப எனக்கும் 182 வந்துச்சு. அழிச்சிட்டு 180னு எழுதிட்டேன்." அடுத்தவள் 178 என்றாள். இன்னொருவன் 179. பாதி வகுப்பு அழித்து எழுதியிருந்தது. அந்த நோட்டுகளுக்கெல்லாம் நான் சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தேன்.

அதற்குமேல் அன்றைய பாடக்குறிப்பைப் பார்க்கவில்லை. ஜியோஜீப்ராவில் ஒரு தசம இடம் காட்டச் சொன்னதும் 46.6, 71.8, 61.6 என்று வந்தது. கூட்டினால் 180. மூன்றுமே பாதிக்கு மேல் இருந்ததால் ஒவ்வொன்றையும் அது அடுத்த முழு எண்ணுக்குத் தள்ளியிருக்கிறது. தள்ளிய துண்டுகள் சேர்ந்து ஒரு பாகை ஆகிவிட்டது. முழுதாக்குதல் என்று தனிப் பாடமாக நடத்தியிருந்தால் இவ்வளவு ஆவலோடு கேட்டிருக்க மாட்டார்கள். அப்புறம் பழைய நோட்டுத் தாளில் ஆளுக்கொரு முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, ஸ்கேல் ஓரமாக ஒட்ட வைத்துப் பார்த்தார்கள். நேர்கோடு வந்தது. பென்சில் தடிமனுக்கே ஒரு பாகை போய்விடும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ஜியோஜீப்ராவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மார்க்குஸ் ஹோகன்வார்டர் என்பவர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கியது அது. பள்ளிகளுக்கு இலவசம். 2018இல் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோது கியூஆர் குறியீடுகளும் கூடவே வந்தன. கணக்குப் புத்தகத்தின் 'இணையச் செயல்பாடு' பக்கங்களில் பல ஜியோஜீப்ராவுக்குத்தான் கொண்டுபோகும். அந்தப் பக்கங்களில் எனக்கு ஒரே ஒரு குறை. முடிவில் என்ன வர வேண்டும் என்ற படமும் அங்கேயே அச்சாகியிருக்கும். விடையைப் பார்த்துவிட்ட பிள்ளை அதற்குப் பிறகு தேடாது, ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கும். அழி ரப்பரை எடுப்பது அப்போதுதான்.

திரை வகுப்புக்குள் வந்த நாளில் நான் செய்ததும் அதே பிழைதான். எல்லாவற்றையும் காட்டினேன். புரொஜெக்டருக்காக ஜன்னல்களைச் சாத்தினோம். படம் நன்றாகத் தெரிந்தது, பிள்ளைகளின் முகம் தெரியவில்லை. கணக்கு வாத்தியாருக்கு முகம்தான் பாடம். புருவம் சுருங்குவது, பக்கத்து நோட்டுக்குக் கண் ஓடுவது, புரியாமலே தலையாட்டுவது எல்லாம் வெளிச்சத்தில்தான் தெரியும். ஒரு மாதம் இருட்டில் நடத்திவிட்டுத் தேர்வு வைத்தபோது, அருமையாக நடத்தினேன் என்று நான் நினைத்த பாடம்தான் மிக மோசமாக வந்தது. அதன்பிறகு ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்தேன். படம் வெளுத்துத் தெரிந்தால் தெரியட்டும்.

இதை நான் முன்பே கற்றிருக்க வேண்டும். இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து தொடக்கப் பள்ளியில் இருந்த காலத்தில், 2007இல், செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003லேயே தொடங்கிய முறை. அட்டைகள், கற்றல் ஏணிப்படிகள், தரையில் வட்டமாகப் பிள்ளைகள். அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. எனக்கு அதில் மறக்க முடியாதது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குப் பூசிய கீழ்மட்டக் கரும்பலகை. உட்கார்ந்தபடியே ஆளுக்கொரு கட்டத்தில் எழுதுவார்கள். நான் நடந்துகொண்டே பார்த்தால் யார் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். மின்சாரம் வேண்டாத கருவி. பிள்ளையின் மனதில் ஓடுவதை என் கண் முன்னால் கொண்டுவந்து வைத்தது அது.

அப்படி ஒன்றைக் கைப்பேசியும் செய்யும் என்று 2020இல்தான் தெரிந்தது. கொரோனாவால் மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சி முந்தைய ஆண்டே தொடங்கியிருந்ததால் பாடங்கள் வீட்டுக்குப் போயின. நான் வாட்ஸ்அப்பில் கணக்குகள் அனுப்பினேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் இருந்தது அப்பாவின் போன் மட்டும். அவர் வேலை முடிந்து வர இரவு எட்டாகும். அவனுக்குத் தட்டச்சு வராது. "எப்படிப் போட்டேன்னு பேசி அனுப்புப்பா" என்று சொல்லியிருந்தேன். ஒரு ராத்திரி வந்தது.

"டீச்சர், அம்பத்திரண்டுல முப்பத்தெட்டு. எட்டுல ரெண்டு போனா ஆறு. அஞ்சுல மூணு போனா ரெண்டு. இருபத்தாறு டீச்சர்."

திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் நோட்டில் இந்த மாதிரி விடைகளை ஜூனிலிருந்து மார்ச்வரை தப்பு என்று சுழித்திருக்கிறேன். கவனமில்லை, வாய்ப்பாடு வரவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவன் மிகுந்த கவனத்தோடுதான் செய்திருக்கிறான். 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது' என்று யாரோ ஒரு டீச்சர், என்னைப் போன்ற ஒருத்திதான், இரண்டாம் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அவன் அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்தே சின்னதைக் கழித்துக்கொண்டு வந்திருக்கிறான். நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் ஒரு வருஷமாக அவன் குரலை இருபது நொடி தனியாகக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நானும் பேசி அனுப்பினேன். "விளக்குமாத்துல ஈர்க்குச்சி உருவிக்கோ. துண்டு துண்டா ஒடி. பத்துப் பத்தா நூல் போட்டுக் கட்டு. அஞ்சு கட்டு, ரெண்டு குச்சி. அதுலேருந்து முப்பத்தெட்டு எடுத்துத் தங்கச்சிகிட்ட குடு." இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பின்னால் அவன் அம்மா விளக்குமாறு பற்றி ஏதோ சொல்வதும் கேட்டது. "ஒரு கட்டை அவுத்துட்டேன் டீச்சர். இல்லன்னா எட்டு குடுக்க முடியல. பதினாலு மிச்சம்." கடன் வாங்கிக் கழித்தல் என்ற பெயரை அதற்கப்புறம்தான் சொன்னேன்.

2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தன. மற்றவற்றை விட்டாலும் இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இரண்டு பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், ஒரு கணக்கைக் கொடுத்து, போட்டுக்கொண்டே பேசச் சொல்லிப் பதிவு செய்கிறேன். கேட்டுக் குறிப்பெடுத்ததும் அழித்துவிடுவேன். எந்தக் குழுவுக்கும் அனுப்புவதில்லை. ஒரு பிள்ளை தடுமாறுவது ஊர் கேட்க வேண்டிய விஷயம் அல்ல. நடந்த வகுப்புக்குச் சாட்சியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்பத்தான் செய்கிறேன். ஆனால் கேமராவைத் தூக்கியதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தலை கவிழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தது அந்த நொடியில் நின்றுபோகிறது. யோசிக்கிற பிள்ளையின் படம் என் போனில் ஒன்றுகூட இல்லை.

இப்போது கணக்கைப் படம் எடுத்தாலே வழிமுறையோடு விடை தரும் செயலிகள் வந்துவிட்டன. வீட்டுப்பாட நோட்டில் படிகள் அத்தனையும் ஒழுங்காக இருக்கும். ஒழுங்கான படிகளைப் பார்த்து இப்போது எனக்கு எதுவும் தெரிவதில்லை. அதனால் மரத்தடிப் பதிவை வாரம் நாலு பேர் ஆக்கியிருக்கிறேன்.

போன வாரம் 181ஐக் கண்டுபிடித்த பெண்ணின் முறை. அவள் இப்போது எட்டாம் வகுப்பு. முக்கால் லிட்டர் பாலை எட்டில் ஒரு லிட்டர் டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர் என்று கேட்டேன். பதிவில் முதலில் அவள் மூச்சு, அப்புறம் காக்காய் சத்தம், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு. ஐம்பது நொடிக்கு மேல் பேச்சே இல்லை. பழைய நானாக இருந்தால் பத்தாவது நொடியில் எடுத்துக் கொடுத்திருப்பேன். பிறகு மெதுவாகத் தொடங்குகிறாள்: "கால் லிட்டருக்கு ரெண்டு டம்ளர்னு வச்சுக்கலாமா டீச்சர்?"