2,065 ரூபாய்க்கு ஒரு குளியல்

மாடி போர்ஷன் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வழவழப்பான ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இருபத்தாறு வயசு. ஊரில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். இவனும் லேசாகத் தொப்பை போட்டுவிட்டான். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததில் பையனுக்குக் கொஞ்சம் கவலை.

"அண்ணா, இந்த ஃபிட்னஸ் கிளப்ல சேரலாமா? வருஷத்துக்கு நாற்பத்தி ரெண்டாயிரம். நீங்க பி.காம்.தானே, கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். பார்த்த முகம். வயிற்றில் ஆறு கட்டிகளோடு சிரிக்கிற அதே வாலிபன். 2025 ஜனவரியில் என்னைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தான். ஒரு வருஷத்தில் அவனுக்கு ஒரு நாள்கூட வயசாகவில்லை. எனக்குத்தான் 49,560 ரூபாய் ஆகியிருக்கிறது.

கணக்கு என்னிடம் தயாராகவே இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் உள்ளேயே வைத்திருந்த கணக்கு. "உட்காருப்பா" என்றேன்.

விஷயம் ஆரம்பித்தது 2024 டிசம்பரில், ஒரு ரத்தப் பரிசோதனையில். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 6.5-ஐத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். நடுவில் இருந்தால், வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா மளிகை மண்டியில் கணக்கு எழுதியவர். அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போனவர். முதலில் வலது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். அப்புறம் பக்கத்து விரல். "விடுடா, செருப்பு கொஞ்சம் லூஸா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். ஐம்பத்தெட்டு வயசில் போய்விட்டார். எனக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது முப்பத்தாறு. ஐம்பத்தெட்டிலிருந்து முப்பத்தாறைக் கழிக்க பி.காம். தேவையில்லை.

பயந்தவனைப் போல நல்ல வாடிக்கையாளர் உலகத்தில் கிடையாது. அடுத்த வாரமே நுங்கம்பாக்கத்தில் அந்த கிளப்பின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன். உள்ளே ஏதோ எலுமிச்சை வாசனை. கறுப்பு டி-ஷர்ட் போட்ட இளைஞர் ஒருவர் கல்யாண மண்டபம் காட்டுகிற மாதிரி சுற்றிக் காட்டினார். வரிசையாக டிரெட்மில், நீச்சல் குளம், நீராவி அறை, ஜூஸ் கவுன்ட்டர். என்னை ஒரு மெஷின்மேல் ஏற்றி, உடம்பின் வயசு நாற்பத்தாறு என்று சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். இலவசம்தான். இலவசமாகவே பத்து வயசைக் கூட்டினார்கள்.

"இந்த ஆஃபர் இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான் சார்."

(மாடித் தம்பியின் காகிதத்திலும் அந்த வரி இருக்கிறது. ஒரு வருஷமாக விடியாத ராத்திரி.)

கட்டணம் 42,000. அதற்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., 7,560. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிம்களுக்கு அந்த வரியை 5 சதவிகிதமாகக் குறைத்துவிட்டார்கள். என்னிடம் வசூலித்து முடித்த பிறகு.

நானோ எழுதிப் பிழைக்கிறவன். கட்டுரை வந்தால் காசு. அதுவும் வந்து மூன்று மாதம் கழித்து. பணம் இருந்தது என் மனைவியிடம். இருபது மாதமாகக் கட்டிய ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு அந்த மாதம்தான் முடிந்து கைக்கு வந்திருந்தது. "எதுக்கு இப்படிக் கேள்வி கேட்டுண்டு நிக்கறேள்? எடுத்துக்கோங்கோ. மாமா மாதிரி ஆயிடக் கூடாது" என்றாள். எதற்காக அந்தச் சீட்டைப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

ஜனவரியில் பதின்மூன்று நாள் போனேன். நடுவில் பொங்கல் லீவு வந்தும் பதின்மூன்று. அந்த மாதம் சாயந்திரம் ஏழு மணிக்கு டிரெட்மில்லுக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. பிப்ரவரியில் வரிசை பாதியாயிற்று, நான் ஏழு நாள். மார்ச்சில் டிரெட்மில்தான் ஆளைத் தேடியது, நான் மூன்று நாள். ஏப்ரலில் ஒரே ஒரு நாள். அதுவும் எங்கள் வீட்டு மோட்டார் காயில் கருகிப்போய்க் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதால். டவல் கொடுத்தார்கள், வெந்நீர் வந்தது, நன்றாகக் குளித்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை அல்ல. நான் இருப்பது மேற்கு மாம்பலம். துரைசாமி சப்வேயில் புகுந்து, தி. நகரைக் கடந்து நுங்கம்பாக்கம் போய்ச் சேர, சாயந்திர வேளையில் நாற்பது நிமிஷம். திரும்பி வர இன்னொரு நாற்பது. ஆக, உடம்புக்குப் பயிற்சி ஒரு மணி நேரம், பைக் கிளட்ச்சுக்குப் பயிற்சி ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல். இடது கை மணிக்கட்டு மட்டும் நல்ல திடமாக ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. பத்து நாள் போகாமல் பதினோராவது நாள் போனால் ரிசப்ஷனில், "என்ன சார், ஆளையே காணோம்?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். எனக்கு லீவ் லெட்டர் இல்லாமல் வகுப்பில் நுழைகிற மாதிரி இருக்கும். எனக்குப் பயிற்சி சொல்லித்தந்த பையன் வேறு பிப்ரவரியோடு வேலையை விட்டுவிட்டான். புதிதாக வந்தவர், "உங்க கோல் என்ன சார்?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். என் அப்பாவின் கால் விரலைப் பற்றி அவரிடம் இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை.

சரி, கூட்டுங்கள். 13, 7, 3, 1. மொத்தம் இருபத்து நாலு. 49,560-ஐ 24-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 2,065 ரூபாய். குளித்த நாளுக்கும் அதே ரேட்தான். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். பணம் வெளியே போனது. தொப்பை இரண்டு பக்கத்திலும் சேராமல் அப்படியே முன்னால் நின்றது.

இது என் ஒருவனுடைய பெருமை என்று நினைத்தேன். இல்லை. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவில் மூன்று ஹெல்த் கிளப்களின் 7,752 அங்கத்தினர்களை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தலைப்பே, ஜிம்முக்குப் போகாமல் இருக்கப் பணம் கட்டுவது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டினவர்கள் சராசரியாகப் போனது மாதத்துக்கு 4.3 தடவை. தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே கிளப்பில் பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். டாலரில் சம்பாதிக்கிறவனும் நம்ம ஆள்தான் என்று தெரிந்ததில் ஓர் அற்ப சந்தோஷம்.

கிளப்பின் பக்கத்திலிருந்து பாருங்கள். நான் முன்கூட்டிக் கட்டிய பணம் அவர்கள் புத்தகத்தில் முதல் நாள் ஒரு பொறுப்பு; எனக்குத் தர வேண்டிய கடன் மாதிரி. ஒவ்வொரு மாதம் கழியக் கழிய அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு வருமானமாக மாறும். நான் போனாலும் மாறும், போகாவிட்டாலும் மாறும். வாடகையும் கரன்ட் பில்லும் எப்படியும் உண்டு. சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாள் சாயந்திரம் வந்துவிட்டால் உள்ளே நிற்க இடமிருக்காது. கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போகிறவர்களை நம்பி இலை போடுகிற வியாபாரம்.

அதற்காக அங்கே யாருக்குமே லாபமில்லை என்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் சில நாள் காலையில் போனபோது ரிடயர்டு தலைமை ஆசிரியை ஒருவரைப் பார்ப்பேன். முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனவர். வீடு இரண்டு தெரு தள்ளி. தினம் ஆறு மணிக்கு நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பார். தரையில் நடந்தால் முழங்காலில் விழுகிற அளவு பாரம் தண்ணீரில் விழாது. "வருஷத்துல முந்நூறு நாளாவது வந்துடுவேன் தம்பி" என்றார். கணக்குப் பார்த்தால் அவருக்கு நாளொன்றுக்கு 165 ரூபாய். நீச்சல் குளத்துக்கு அது கொள்ளை மலிவு. அந்த மலிவுக்கு மீதிப் பணம் யார் தருகிறார்கள்? நான்தான். நான் கிளப்புக்குப் போகாமல் செய்த ஒரே நல்ல காரியம் அது.

இனி அந்தச் சீட்டு விஷயம்.

2025 தீபாவளிக்கு என் அம்மா முறுக்கு அனுப்பியிருந்தாள். என் மனைவி ஒன்றை எடுத்து ஒடித்துக் காபியில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்னடி, அதுக்குள்ள பாட்டியாயிட்டியா?" என்று கேட்டேன். சிரித்தாள். பிறகுதான் கவனித்தேன். அவள் இடது பக்கமாகவே மெல்லுகிறாள். விடாமல் கேட்டதில் வந்தது. வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பல். ரூட் கெனால் பண்ணி, கேப் போட வேண்டும் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். அதற்காகப் போட்டதுதான் அந்தச் சீட்டு.

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

பி.காம். இரண்டாம் வருஷத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம். ஒரு பணத்தை ஒன்றில் போட்டால், அதனால் நாம் கைவிட நேர்ந்த இன்னொன்றுதான் அதன் உண்மையான விலை. பரீட்சையில் அந்தக் கேள்விக்குப் பத்துக்கு எட்டு மார்க் வாங்கினேன். எங்கள் வீட்டில் அது நிஜமாகவே வாய்ச் செலவு என்று புரியப் பதினேழு வருஷம் ஆயிற்று. அவள் ஒரு வருஷம் முழுக்க ஒரு பக்கமாக மென்றிருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்துதான் தினம் சாப்பிட்டேன்.

இவ்வளவையும் (பல் சமாசாரம் நீங்கலாக) மாடித் தம்பியிடம் சொல்லிவிட்டு, "வேண்டாம்ப்பா. தெருக்கோடிப் பார்க்ல மாநகராட்சி மெஷின் வெச்சிருக்கு, காசே கிடையாது. பெரியவங்களுக்கு வாரம் நூற்றைம்பது நிமிஷமாவது வேக நடை மாதிரி ஏதாவது, ரெண்டு நாள் தசைக்குப் பயிற்சி, அவ்வளவுதான் உலக சுகாதார நிறுவனமே கேக்குது. ஏ.சி. பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை" என்று முடித்தேன். நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன்.

"இல்லண்ணா, என் ஆபீஸ் அந்த கிளப்புக்கு நேர் எதிர்லயே இருக்கு."

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம் சப்வேயில் நிற்கிறவனுக்குப் போட்ட கணக்கை, ரோட்டைக் கடந்தால் போதும் என்கிறவனிடம் எப்படி நீட்டுவது? வாரத்துக்கு நாலு நாள் போனால் வருஷத்துக்கு இருநூறு நாள். 5 சதவிகித வரியோடு 44,100. நாளைக்கு 220 ரூபாய் சொச்சம். ஆபீஸ் முடிந்து, டிராஃபிக் அடங்கும்வரை அங்கே ஓடிவிட்டு வீட்டுக்கு வரலாம். இவனுக்கு ஒருவேளை சரிப்படும்.

"மாசக் கட்டணம் உண்டா?"

"உண்டு. ஆனா மாசம் ஆறாயிரம். வருஷத்துக்குக் கணக்குப் பாத்தா எழுபத்திரெண்டாயிரம் ஆகுது. நஷ்டமில்லையா?"

"நஷ்டம்தான். ஆறாயிரத்தோட போற நஷ்டம். ஒரு மாசம் கட்டு. ஜனவரியில வேண்டாம், ஜனவரியில எல்லாரும் பீமசேனன்தான். மார்ச்சுல கட்டு. பன்னெண்டு நாள் போயிட்டேன்னா அப்புறம் வருஷத்துக்குக் கட்டு. நடுவுல நிறுத்தி வைக்கலாமா, வேற ஆளுக்கு மாத்திக் கொடுக்கலாமா, பணம் திரும்ப வருமான்னு எழுத்துல கேளு. வாயால சொன்னதுக்கு ரசீது கிடையாது."

நான் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு படித்துப் பார்த்ததில், மூன்றுக்கும் முடியாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவன் மார்ச் வரைக்கும் பொறுப்பானா என்று தெரியவில்லை. ராத்திரிக்குள் ஆஃபர் முடிந்துவிடும் என்று காகிதத்தை மடித்துக்கொண்டே போனான். எனக்கும் கிளப்பிலிருந்து போன் வருகிறது. பழைய அங்கத்தினர் என்பதால் பாதிக் கட்டணமாம். அதுவும் அன்று ராத்திரி வரைதான்.

எனக்கு ரத்தப் பரிசோதனை அடுத்த மாதம். 6.2 எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ! டிசம்பரில் இரண்டு பத்திரிகைகளிலிருந்து பாக்கிப் பணம் வந்தது. என் மனைவிக்குப் பல் வேலை ஆரம்பித்தாயிற்று. கிளினிக் அசோக் நகரில். பைக்கை எடுக்காமல் நடந்தே போகிறோம். போக இருபத்தைந்து நிமிஷம், வர இருபத்தைந்து நிமிஷம். நாளைக்கு மூன்றாவது சிட்டிங். திரும்பி வரும்போது அவளுக்கு வாய் பாதி மரத்துப்போயிருக்கும், பேச வராது. வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வர வேண்டும்.