ரெண்டு பேட்டரி, ஒரு சோலார், ஒரு பி.காம்.

பி.காம். படிக்கிறவனுக்குப் பாய்மரப் படகில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் சித்தப்பா எலக்ட்ரீஷியன். லீவு விட்டால் அவர் பின்னால் டூல்பாக்ஸ் தூக்குவது என் உத்தியோகம். சம்பளம் ஒரு டீ, ரெண்டு சமோசா.

நம்ம புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினென்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டுக்காரர் தில்னாவோடு 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தது ஞாபகம் இருக்கும். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி 2025 மே கடைசியில் திரும்பினார்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் சந்தேகமே, எட்டு மாசம் கரண்டுக்கு என்ன பண்ணியிருப்பார்கள் என்பதுதான். காற்று படகைத் தள்ளும். ஜிபிஎஸ், ஒயர்லெஸ், விளக்கு எல்லாம் காற்றில் எரியாதே!

அந்தச் சந்தேகத்தோடு இருந்தவனைத்தான் சித்தப்பா தேங்காய்த்திட்டுக்குக் கூட்டிப் போனார். ஒரு பெரியவரின் பழைய பாய்மரப் படகு. அதில் ரெண்டு பேட்டரி. ஒன்று புதுசு, எஞ்சின் ஸ்டார்ட் செய்ய மட்டும். இன்னொன்று பழசு, விளக்கு, ஃபேன், குட்டி ஃபிரிட்ஜ் வகையறாவுக்கு. எங்கள் வேலை, 100 வாட் சோலார் தகடு ஒன்றை வைத்து ரெண்டையும் சார்ஜ் ஏற்றுவது.

பேனலை நேராக பேட்டரியில் மாட்டக் கூடாது. '12 வோல்ட்' என்று பெயர் எழுதியிருந்தாலும் நல்ல வெயிலில் பேனல் கிட்டத்தட்ட 18 வோல்ட்டில் வேலை செய்யும். பேட்டரியோ 14.4 வரைதான் தாங்கும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். அதில் முதலில் பேட்டரியை மாட்டி, அப்புறம்தான் பேனலை மாட்ட வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். பாய்மரத்தின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே வரும்படி பெருமளவு சரிந்துவிடும். இதெல்லாம் சித்தப்பா சொல்லச் சொல்ல ஒழுங்காகத்தான் செய்தேன்.

படகில் ஏற்கனவே ஒரு திருகு சுவிட்ச் இருந்தது. '1', '2', 'ரெண்டும்'. கன்ட்ரோலரைப் பழைய பேட்டரியில் கொடுத்திருந்தோம். பகலில் சுவிட்சை 'ரெண்டும்' என்று வைத்தால் ரெண்டும் சார்ஜ் ஆகும். சாயங்காலம் ஞாபகமாகப் பிரித்துவிட வேண்டும். "இது உன் பொறுப்புடா" என்றார் சித்தப்பா. சரி என்றேன். மறந்தேன்.

அன்று ராத்திரி பெரியவர் படகிலேயே ஃபேன் போட்டுத் தூங்கியிருக்கிறார். காலையில் எஞ்சின் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. நாங்கள் மூன்று பேரும் வெள்ளோட்டம் கிளம்பினோம். பாய் விரித்ததும் எஞ்சினை நிறுத்தினோம். மேகமூட்டம். ஃபிரிட்ஜ் ஓடியது, பாட்டு ஓடியது, நானும் பெருமையாக கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பும்போது முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் காற்று செத்துப்போனது. பெரியவர் சாவியைத் திருப்பினார். 'டிக்'. மறுபடியும் 'டிக்'. அவ்வளவுதான்.

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வசதி அந்த எஞ்சினில் கிடையாது. நங்கூரம் போட்டோம், மணலில் பிடிக்காமல் இழுபட்டது. ஒயர்லெஸ்ஸும் ஊமை. அலைத்தடுப்புக் கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியும். பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல். அந்த இருபது நிமிஷம் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சித்தப்பா டார்ச்சை ஆட்டியதைப் பார்த்து ஒரு ஃபைபர் படகு வந்தது. வீராம்பட்டினத்து அண்ணன்கள். கயிறு போட்டு உள்ளே இழுத்து வந்தார்கள். காசு வாங்கவில்லை. ஒருத்தர் மட்டும் பேட்டரிப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்களும் ரெண்டு வெச்சிருக்கோம் தம்பி. ஒண்ணு லைட்டுக்கு, ஒண்ண தொடவே மாட்டோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. இதைத்தான் முதல் வருஷமே படித்தேனே! ரெண்டு பேட்டரியை இணையாகக் கட்டுவது கூட்டாளி வியாபாரம் மாதிரி. வரம்பற்ற பொறுப்பு. ஒருத்தன் கடனாளி ஆனால் இன்னொருத்தன் சொத்தும் போகும். பழைய பேட்டரி தானும் தீர்ந்து, புதுசையும் கூடவே இழுத்துப் போட்டுவிட்டது.

"டயோட் போட்டால் கரண்ட் ஒரு பக்கம்தானே போகும் சித்தப்பா?" என்று கேட்டேன். "போகும். ஆனா ஒவ்வொரு தடவையும் 0.7 வோல்ட் கமிஷன் எடுத்துக்கும்" என்றார். 14.4 வர வேண்டிய இடத்தில் 13.7 வந்தால் பேட்டரி என்றைக்குமே முழுசா நிரம்பாது.

கடைசியில் வோல்டேஜைப் பார்த்து வேலை செய்யும் ரிலே ஒன்று மாட்டினோம். கன்ட்ரோலரை ஸ்டார்ட் பேட்டரிக்கு மாற்றினோம். முதலில் அது நிரம்பும். 13.3 வோல்ட் வாக்கில் வந்ததும் ரிலே ரெண்டையும் சேர்க்கும். 12.8-க்கு இறங்கினால் தானாகப் பிரித்துவிடும். முதலில் ரிசர்வ், அப்புறம்தான் டிவிடெண்ட். யாருடைய ஞாபகசக்தியையும் நம்பத் தேவையில்லை. அந்தத் திருகு சுவிட்சில் 'ரெண்டும்' இன்னமும் இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும். அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டியவன் நான்.

பெரியவர் என்னைத் திட்டவே இல்லை. அடுத்த வெள்ளோட்டத்துக்கும் கூப்பிட்டார். சுவிட்ச் எனக்கு ஞாபகம் வருவதற்குள் சித்தப்பா ரெண்டு தடவை பார்த்துவிட்டார். அது மட்டும்தான் கொஞ்சம் வலித்தது.

சரி, நாளைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இண்டர்னல். வரட்டா?