பதினைந்து பெற்றோர் கேட்டால் போதும்

இவ்வாண்டும் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லவிருக்கின்றனர். பெற்றோர் பலர் சீருடையையும் பேருந்தையும் பற்றி விசாரிக்கின்றனர். பாடங்களைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவர் பிள்ளையின் முகம் பார்த்தே அவன் மனத்தை அறிந்துகொள்வார். இடைநிலைப்பள்ளியிலோ பாடத்திற்கோர் ஆசிரியர். மணியடித்தால் முகம் மாறும், பாடமும் மாறும். இங்கே 'பின்னம்' என்று பயின்றது அங்கே 'பெச்சஹான்' ஆகிவிடுகிறது. பிள்ளையின் அறிவு குறையவில்லை. கற்றதற்கு வேறு பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான். இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாதபோது, 'எனக்குக் கணிதம் வராது' என்று அவனே தீர்ப்பு எழுதிவிடுகிறான். முதல் மூன்று மாதங்களுக்கு இருமொழிக் கலைச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெரும் பயன் தரும்.

வரலாற்றுப் பாடத்தை எளிதாக எண்ணிவிட வேண்டா. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். "யாரோ எவரோ வாழ்ந்த கதை" என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களிடம் நான் நம் ரவாங்கைக் காட்டுவேன். 1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக மின்னாக்கி நிறுவியது இவ்வூரில்தான். அதே தம்புசாமிப் பிள்ளை, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடம் தோன்றக் காரணமாய் இருந்தவர்களுள் ஒருவர். இதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் வரலாற்று நூலைத் திறக்கும் விதமே வேறு!

இனி, என் நெஞ்சில் முள்ளாய்த் தைப்பது தமிழ்ப்பாடம். சென்ற ஆண்டு சந்தையில் என் முன்னாள் மாணவி ஒருத்தியைக் கண்டேன். கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கிக் குவித்தவள். "தமிழை விட்டுவிட்டேன், டீச்சர். வகுப்பு பள்ளி முடிந்தபின் நடக்கிறது. அதற்குள் பஸ் போய்விடும்," என்றாள். தமிழை அவள் வெறுக்கவில்லை. பேருந்தின் நேரம் அவளுக்காக முடிவெடுத்துவிட்டது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். இதில் 'கேட்டுக்கொண்டால்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒரே பள்ளியில் முப்பது தமிழ்ப் பிள்ளைகள் இருந்தும், ஒருவரும் வாய் திறவாததால் வகுப்பே தொடங்காமற் போகலாம்.

கேட்டுப் பெற்ற வரலாறும் நமக்கு உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்கள் மட்டுமே எடுக்கலாம் என 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் கைநழுவிப் போகும் நிலை உருவானது. தமிழர்கள் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தனர். அதன்பின் கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்க வழி பிறந்தது. அன்று திறந்த கதவின் வழியே நுழைய இன்று பிள்ளைகள் வேண்டுமல்லவா?

ஆகவே பெற்றோர்களே, முதலாம் படிவப் பதிவு நாளன்றே தமிழ் வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். கால அட்டவணைக்குள் நடக்குமா, வெளியே நடக்குமா, யார் கற்பிப்பார் என்று விசாரியுங்கள். உடன் வந்திருக்கும் பிற தமிழ்ப் பெற்றோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து பேர் சேர்ந்ததும் எழுத்துவழி விண்ணப்பம் கொடுங்கள். வகுப்பு மாலையில்தான் என்றால், பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துவர உங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாண்டுகள் நாங்கள் சொல்லிக்கொடுத்த தமிழ் மேலும் ஐந்தாண்டுகள் வளர்வதற்கு, உங்கள் ஒரு கையொப்பத்திலிருந்துதான் தொடக்கம்.