ஒன்றரை மணி நேர சிங்கப்பூர்!

தாம்பரம் ஏரியாவில் தெருவுக்கு ஒரு சிங்கப்பூர் ஆள் உண்டு. ஆனால் 'சிங்கப்பூர் எவ்வளவு தூரம் சார்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தரும் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். 'நைட் ஏறினா காலைல காபிக்குப் போயிடலாம்' என்பார்கள்.

மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் மேலே ஏறிவிட்டால் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம். ஏற, இறங்க எல்லாம் சேர்த்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அவ்வளவுதான்.

வில்லங்கம் கடிகாரத்தில்தான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. (1981 வரை இரண்டு மணி நேரம்தான். மலேசியா தன் கிழக்கு, மேற்கு இரண்டுக்கும் ஒரே நேரம் வைத்தபோது, 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் கூடவே அரை மணி தள்ளி வைத்துக்கொண்டது.) ஆகவே டிக்கெட்டைப் பார்த்தால் போக ஆறரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்! 'வரும்போது இறக்கம், அதான்' என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருத்தர் சீரியஸாகவே விளக்கம் தந்தார்.

சிரிக்கலாம். சேலையூரில் பெரியப்பா இறந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை, விடியற்காலை நாலரை. மகன் சிங்கப்பூரில். விஷயம் கேட்டதுமே டிக்கெட் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். கிளம்புவது 10.30, சென்னை 12.00.

பெரியம்மாவின் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அங்கே 12-னா நமக்கு ஒன்பதரை. பத்தேகாலுக்கு வீட்டுக்கு வந்துடுவான். 12 மணிக்கு ராகு காலம். பதினோரு மணிக்கு எடுத்துடலாம்." சொன்னதோடு நிற்காமல் வண்டிக்கும் போன் போட்டுவிட்டார்.

"மாமா, டிக்கெட்ல இறங்குற நேரம்னா அது இறங்குற ஊர் நேரம். 12-ங்கறது நம்ம 12."

"டேய், நான் பார்க்காத சிங்கப்பூரா?"

பார்த்தவர்தான். 1985-ல் தீப்பிடித்து ஓட்டம் நின்றதே 'சிதம்பரம்' கப்பல், அதில் போய் வந்தவர். அதில் நாள் கணக்குதானே தவிர மணிக் கணக்கு ஏது! சாவு வீட்டில் எழுபத்தெட்டு வயசுக்காரரிடம் ஒரு பி.காம். என்ன வாதாட முடியும்? மெதுவாக ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன். நம்ம எட்டு மணிக்குக் கிளம்புகிறான், நாலு மணி நேரம் பறக்கிறான், 12-க்கு இறங்குகிறான். மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் இல்லை.

ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவன் வரட்டும்ணா."

மாமா எழுந்து வெளியே போய், வண்டியை இரண்டு மணிக்கு மாற்றினார்.

பன்னிரண்டே முக்காலுக்குத் திரிசூலத்திலிருந்து அண்ணன் போன் செய்தான். பெட்டி கிடையாது, ஒரு கைப்பைதான். ஒன்றேகாலுக்கு வீட்டில். முக்கால் மணி நேரம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அஞ்சு மணிக்கே திருநெல்வேலியிலிருந்து காரில் கிளம்பிய சித்தப்பா, சுமார் 600 கிலோமீட்டர் வந்து, வண்டலூர் டிராஃபிக்கில் நின்றுகொண்டு போன் பண்ணினார்:

"நேரா சுடுகாட்டுக்கே வந்துடறேன்பா."