பச்சைக் கோட்டின் மேல் நின்று

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் படமெடுக்க ஆசைப்பட்டு யோசனை கேட்பவர்களுக்கு, எந்த லென்ஸ் நல்லது என்பதை நான் கடைசியில்தான் சொல்வேன். முதலில் ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட வரைபடம் ஒன்றை வாங்கச் சொல்வேன். நான் இருப்பது ஷெஃபீல்டில். ரயிலேறினால் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் அரை மணி நேரத் தூரம்தான் என்பதால், என் பையில் எப்போதும் கிடப்பது ‘ஓஎல் 1’ என்ற தாள். அதில் நான்கு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். வயல்களின் சுவர்கள்கூட மெல்லிய கருங்கோடுகளாகத் தெரியும். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடுகள் பொதுவழிகள். தனியாருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகும். சில இடங்களில் பண்ணை வீட்டு முற்றத்துக்குள்ளேயே புகுந்து வெளியேறும். நிலம் யாருடையதாக இருந்தாலும், அந்தக் கோட்டின் மேல் நடக்க எவருக்கும் உரிமை உண்டு.

எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிட்டால் நிலக்காட்சிப் படத்தில் பாதி வேலை முடிந்தது. இங்கே அந்த முடிவைப் பெரும்பாலும் பச்சைக் கோடு எடுத்துவிடுகிறது. இரண்டடி தள்ளி நின்றால் மரம் சுவரை விட்டு விலகி அழகாக நிற்கும். ஆனால் ஜூன் மாதத்தில் அந்த இரண்டடியில் தீவனத்துக்காக விட்ட புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். மிதித்துச் சாய்த்துவிட்டால் விவசாயிக்குச் சரியாக அறுக்க வராது. அதனால் பாதையிலேயே முன்னும் பின்னும் நடந்து, முக்காலியின் காலைத் தாழ்த்தி உயர்த்தி வழி தேட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போனவர்கள் நடந்த தடம் அது. அவர்கள் பார்த்த கோணத்திலிருந்தே நானும் பார்க்கிறேன்.

எல்லா இடத்திலும் இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்ட் ஊரிலிருந்து சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தின் மேல் அத்துமீறி ஏறினார்கள். பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து உழைக்கும் இளைஞர்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. க்ரௌஸ் பறவை வேட்டைக்காக மூடி வைத்திருந்த நிலம் அது. காவல்காரர்களோடு கைகலப்பு நடந்தது; ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவழிகளைப் பதிவு செய்வதற்கும் சட்டம் வந்தது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. மேட்டுநிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற சட்டம் 2000இல்தான் வந்தது. நான் பெரிதும் மதிக்கும் ஒளிப்படக் கலைஞர் ஃபே காட்வின் 1987 முதல் 1990 வரை நடையர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர். கற்களையும் மேடுகளையும் அவ்வளவு பொறுமையாக எடுத்த அதே கை, முள்வேலிகளையும் ‘உள்ளே வராதே’ பலகைகளையும் எடுத்தது. அழகான காட்சிக்கும் அதை எங்கிருந்து பார்க்க விடுகிறார்கள் என்பதற்கும் உள்ள தொடர்பை அவருடைய படங்களிலிருந்துதான் கற்றேன்.

அடுத்தது சுவர்கள். சாந்தே இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் இவை. இரண்டு வரிசைக் கல் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே சாய்ந்து எழும்பும்; நடுவில் சில்லுக்கல் நிரப்பியிருக்கும்; பாதி உயரத்தில் இரு பக்கத்தையும் பிணைக்க நீளக்கல் குறுக்கே போட்டிருக்கும்; உச்சியில் நிறுத்தி வைத்த தலைக்கற்கள். பூங்காவின் தெற்கே சுண்ணாம்புக்கல் என்பதால் சுவர் வெளிறி இருக்கும். வடக்கே மணற்கல், கருத்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த பத்து நிமிடத்தில் சுண்ணாம்புக்கல் சாம்பல் நீலமாக மாறும். அப்போது போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்பினால் ஈரத்தின் பளபளப்பு அடங்கி, கல்லின் நிறமும் மேலே படர்ந்த பாசியின் மஞ்சளும் வெளியே வரும். முழுக்கத் திருப்பக் கூடாது. பளபளப்பு மொத்தமும் போய்விட்டால் மழை பெய்ததே தெரியாது.

சுவரின் போக்கைப் பார்த்தே வயலின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போவது பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களைச் சட்டம் போட்டு அடைத்தபோது எழுந்தது. செல்மோர்ட்டன் கிராமத்துக்கு மேலே ஏறிப் பார்த்தால், இடைக்காலத்து உழவர்களின் ஒடுக்கமான நிலத் துண்டுகளை அப்படியே காப்பாற்றி நிற்கும் சுவர்கள் தெரியும். அங்கே வைடு லென்ஸ் உதவாது. டெலி லென்ஸை மாட்டி, வானத்தையே விட்டுவிட்டு, வயல்களை மட்டும் நெருக்கி எடுக்க வேண்டும்.

டிஸிங்டன் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. பழைய ஏர் உழுது உழுது குவித்த வரப்பு மேடுகள் புல்லுக்கு அடியில் அலை அலையாகக் கிடக்கின்றன. ஜூன் மாத நண்பகலில் அதே இடம் வெறும் பச்சைத் தரை. டிசம்பரில், ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று, நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 13 டிகிரிதான் ஏறுகிறது; அதே நாளில் சென்னையில் 53 டிகிரி. சாய்ந்து வரும் அந்த வெயிலில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து, வயல் முழுவதும் வரி வரியாக எழுந்து நிற்கும். குளிர்காலத்தில் பகல் குறுகியது என்று இங்கே பலர் கேமராவை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தக் குறுகிய பகல் முழுவதும் நல்ல வெளிச்சம் என்பதே என் அனுபவம்.

வெளிச்சத்தைத் தருவதும் பறிப்பதும் மேகம். 517 மீட்டர் உயர மாம் டார் குன்றிலிருந்து ஹாலின்ஸ் கிராஸ், பேக் டார் வழியாக வடகிழக்கே நீளும் மலைமுகட்டில் நின்றால், காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து வீசும். மேக இடுக்கில் ஒழுகும் வெயில் திட்டுகளும் பின்னாலிருந்தே கிளம்பி வரும். அதனால் முன்னால் இருக்கும் காட்சியையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. படத்தை அமைத்து, ஃபோகஸ் செய்து, எஃப் 11 வைத்துவிட்டுத் திரும்பி நின்று, மேற்கிலிருந்து வரும் இடுக்குகளைப் பார்க்க வேண்டும். ஒரு திட்டு எத்தனை வயல்களை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று கவனித்தால், பேக் டாரின் முகப்பில் அது எப்போது விழும் என்று சொல்லிவிடலாம். விழுந்தபின் எக்ஸ்போஷர் பார்க்க அவகாசம் இருக்காது. வெளிச்சம் பட்ட பாறைக்கு முன்கூட்டியே கணக்கிட்டு, சற்றுக் குறைத்தே வைத்திருப்பேன். இருண்ட புல்லைப் பிறகு மீட்டுவிடலாம். வெளுத்துப்போன மேகத்தை மீட்க முடியாது.

எல்லோரும் மாம் டாருக்கு விடியலில் ஏறுவது மூடுபனிக்காக. இலையுதிர்காலத்தில், காற்றில்லாத தெளிந்த இரவில், குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும். மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ளும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஈரமும் சேர்ந்து, குன்றின் கீழே இருக்கும் ஹோப் பள்ளத்தாக்கு பாலால் நிரம்பியதுபோல் ஆகிவிடும். அந்த வெண்பரப்பின் நடுவே ஒரு புகைபோக்கி நீண்டு நிற்கும். 1929 முதல் இயங்கும் ஹோப் சிமெண்ட் ஆலையினுடையது.

பலர் அதைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள். நான் அழிப்பதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் மனிதக் கை படாத இடம் எது? ஆடுகள் மேய்ந்து மேய்ந்துதான் மலைச்சரிவு மொட்டையாக, வழவழப்பாக இருக்கிறது. ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும் ஹெதர் செடிப் பரப்பையும் வேட்டைப் பறவைக்காகத் திட்டுத் திட்டாக எரித்து வளர்த்திருக்கிறார்கள். மாம் டாரின் உச்சியைச் சுற்றி இரும்புக் காலத்துக் கோட்டையின் மண்மேடு ஓடுகிறது. சுவரை அழகு என்று சேர்த்துக்கொண்டு புகைபோக்கியை அசிங்கம் என்று நீக்குவது, உழைப்பில் பழையதை மட்டும் ஒப்புக்கொள்வதாகும். இரண்டுமே இந்தச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்தவைதான்.

இடத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. நான் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் வரைபடத்தின் ஆறு இலக்கக் கட்ட எண்ணை எழுதுகிறேன். மாம் டார் என்றால் எஸ்கே 127 836. கூட்டம் வந்து பாதை தேய்ந்துவிடும் என்பார்கள். தேய்ந்தது உண்மை, அதனால்தான் அந்த முகட்டில் கற்பலகை பதித்திருக்கிறார்கள், கூட்டத்தையும் அது தாங்குகிறது. பாதையை விட்டு விலகிய மேட்டுநிலத்துக்கு மட்டும் என் வழக்கம் வேறு. கர்லூ, ஆட்காட்டி ஆகிய பறவைகள் அங்கே தரையில்தான் முட்டையிடுகின்றன. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அங்கே நாயைக் கட்டையான கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஐந்து மாதமும் நானும் பாதையை விட்டு இறங்குவதில்லை; அங்கே முன்பு எடுத்த படங்களின் எண்ணை ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் தருகிறேன்.