மனு நாள்

நான் வசிக்கும் நியூகாசிலிலிருந்து வடக்கே போனால் ஆஷிங்டன் வரும். நிலக்கரிச் சுரங்கங்களால் தழைத்து, அவை மூடியதும் வாடிப்போன ஊர். கால்பந்து வீரர் பாபி சார்ல்டன் பிறந்தது அங்கேதான். ராயபுரத்துக்காரனான எனக்கு அந்த ஊரோடு இன்னொரு ஒட்டுதலும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஒரு குடும்பத்தின் மனசு சென்னையைச் சுற்றியே கிடந்தது. அதில் ஒரு பகுதியை அந்த வீட்டுப் பிள்ளை புழல் சிறையில் கழித்தார்.

அவர் வேலை பார்த்த 'சீமேன் கார்டு ஓஹியோ' கப்பல் பலருக்கு நினைவிருக்கும். கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்களோடு திரிந்த அந்தக் கப்பலை, 2013 அக்டோபர் 12ஆம் தேதி இந்தியக் கடலோரக் காவல்படை மறித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கப்பலில் 35 பேர். இந்தியர், எஸ்டோனியர், பிரிட்டிஷார், உக்ரைனியர் என்று கலந்திருந்தார்கள். அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுவந்தார்கள் என்று வழக்கு. 2014இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், இல்லை, விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரியில் ஐந்தாண்டு கடுங்காவல். 2017 நவம்பர் 27இல் அதே மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது.

பிரிட்டிஷ் பத்திரிகைகள் தங்கள் நாட்டவர் ஆறு பேருக்கு 'சென்னை சிக்ஸ்' என்று பெயர் வைத்தன. தம்பிக்காக அக்காவும், காதலனுக்காகக் காதலியும், பிள்ளைகளுக்காகப் பெற்றவர்களும் தெருவில் இறங்கினார்கள். லட்சக்கணக்கில் கையெழுத்து சேர்ந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. நம் துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளுக்கும் பழக்கமான 'மிஷன் டு சீஃபேரர்ஸ்' என்ற கிறிஸ்தவத் தொண்டமைப்பு, உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே தவித்தவர்களுக்கும் துணை நின்றது. அதே கப்பலில் பிடிபட்ட இந்தியர்களின் வீடுகளிலும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்காகத் திரண்ட கையெழுத்து எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

திருவொற்றியூர் குப்பத்தில் இருக்கிற என் சித்திக்கு இந்தக் கப்பல் கதையெல்லாம் தெரியாது. புழல் தெரியும். அவருடைய மூத்தவன் ஒரு அடிதடி வழக்கில் உள்ளே போனான். கூடவே குண்டாஸும் விழுந்தது. 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் அது. கோர்ட்டில் குற்றம் நிரூபணம் ஆகாமலே ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். கள்ளச்சாராயக்காரரில் தொடங்கிய அதன் பட்டியல் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. அறிவுரைக் கழகத்தின் முன்னால் ஆஜராகலாம், ஆனால் வக்கீல் வாதாட முடியாது. மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. வட சென்னையில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட இந்த நடைமுறை தெரியும்.

அவன் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்டவனுக்கும் ஒரு தாய் இருக்கிறார். ஆனால் தண்டனை யாருக்கு என்று பார்த்தால், உள்ளே இருப்பவனோடு அது நிற்பதில்லை.

மனு பார்க்க, அதாவது சிறையில் மகனைச் சந்திக்க, போகிற நாளில் சித்தி காசிமேட்டு ஏலத்துக்குப் போகமாட்டார். அன்றைக்கு மீன் இல்லை, வியாபாரம் இல்லை, வருமானமும் இல்லை. ஆதாரை எடுத்துக்கொண்டு, மிண்ட் வந்து, செங்குன்றம் பஸ் பிடித்து, வரிசையில் நின்று மனு எழுதிக்கொடுத்து, பேர் கூப்பிடும்வரை காத்திருந்து, சில நிமிஷம் பேசிவிட்டுத் திரும்புவார். பி.சி.பி. என்கிற கைதியின் பணக் கணக்கில் கொஞ்சம் கட்டினால்தான் உள்ளே கேன்டீனில் அவன் ஒரு சோப்போ பிஸ்கட்டோ வாங்க முடியும். "எதுக்கு சித்தி இம்மாந்தூரம் வாரா வாரம் அலையிற? போன்ல பேசினா ஆவாதா?" என்று கேட்டேன். "போய்ப் பாத்தாதான்டா கண்ணு, அவனுக்கு வெளியில ஆளு இருக்குதுன்னு அவனுக்கும் தெரியும், உள்ள இருக்கிறவனுங்களுக்கும் தெரியும்" என்றார்.

முன்பெல்லாம் தூரம் இவ்வளவு இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம், பார்க் டவுனில் மத்திய சிறை இருந்த காலத்தில், ராயபுரத்துப் பெண்கள் நடந்தே போய் வந்தார்கள். 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது கூட்டம் அலைமோதியது. புழல் வளாகம் பெரியது, வசதியும் கூடுதல். நகரத்துக்கு நடுவில் ஜெயில் எதற்கு என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் சிறை நகர்ந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம் கட்டியவர்கள் மனு பார்க்கப் போகிற பெண்கள்தான்.

தமிழ்நாட்டில் இந்த அலைச்சலுக்கு அற்புதம்மாளைவிடப் பெரிய சாட்சி யார்? 1991 ஜூன் 11இல் மகன் பேரறிவாளனைப் பிடித்துப்போனபோது அவருக்கு வயது 19. 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்யும்வரை, ஜோலார்பேட்டையிலிருந்து சிறை வாசலுக்கும் கோர்ட்டுக்கும் தலைவர்கள் வீட்டுக்கும் அந்தத் தாய் நடந்த நடைக்கு அளவில்லை. எல்லா அம்மாவாலும் அற்புதம்மாள் ஆக முடியாது. ஆகவேண்டிய நிலை வரவும் கூடாது.

சொந்த பந்தத்தைப் பார்ப்பது சிறை நிர்வாகம் போடுகிற பிச்சை அல்ல. 1981 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தில்லி திகார் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண், தன் ஐந்து வயது மகளை மாதம் ஒரு முறைதான் பார்க்கலாம் என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை என்பது வெறுமனே மூச்சு விடுவது அல்ல, குடும்பத்தாரைச் சந்திப்பதும் அதில் அடக்கம் என்றது தீர்ப்பு. மாதம் ஒரு முறை என்ற விதி செல்லாமல் போனது. குண்டாஸில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க சித்தி வரிசையில் நிற்கும்போது, அந்தத் தீர்ப்பும் கூட நிற்கிறது.

உரிமை சரி, செலவு யார் தலையில்? இங்கிலாந்தில் வருமானம் குறைந்த குடும்பங்கள் சிறைக்குப் போய்வரும் பயணச் செலவை அரசிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இங்கே பக்கத்தில் டர்ஹாம் சிறையில், 1882இல் தொடங்கிய நெபாக்ஸ் என்ற தொண்டு நிறுவனம் பார்வையாளர்களுக்கென்று ஒரு மையம் நடத்துகிறது. வெள்ளைக்காரன் நல்லவன் என்பதால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்கள். 2017இல் லார்டு ஃபார்மர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை ஒரு விவரத்தை எடுத்துக்காட்டியது: குடும்பத்தார் வந்து பார்க்கும் கைதிகள் வெளியே வந்து மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு, யாரும் வராதவர்களைவிட 39 விழுக்காடு குறைவு. இத்தனைக்கும் இங்கே தண்டனைக் கைதிக்கு நாலு வாரத்துக்குக் குறைந்தபட்சம் இரண்டு சந்திப்புகள்தான். சிறைகளில் நெரிசலுக்கும் குறைவில்லை.

நம்மூரில் சிறைவாசி குடும்பங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி, சிறைத்துறையிலிருந்து வரவில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. வேலைக்கும் படிப்புக்கும் போகிற பெண்களை மனதில் வைத்துச் செய்தது அது. அந்த பிங்க் பஸ்ஸில்தான் சித்தியும் புழலுக்குப் போகிறார். 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயிலிருந்து கொஞ்சம் பி.சி.பி.க்குப் போகிறது. யாரும் திட்டமிடாமலே ஒரு நல்லது நடந்திருக்கிறது என்றால், திட்டமிட்டுச் செய்தால் எவ்வளவு நடக்கும்!

முதலில், இலவசப் பயணம் நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. பிள்ளையை வேலூருக்கோ கடலூருக்கோ மாற்றிவிட்டால் மறுபடி கைக்காசுதான். மனுச் சீட்டைக் காட்டினால் வெளியூர்ப் பேருந்துக் கட்டணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்யலாம். ஒரு நாள் கூலி இழப்பதற்கு ஈடாக ஒரு சிறு தொகையும் தரலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காசு வாங்காத வக்கீல் கிடைப்பார் என்பதைக் குப்பத்தில் வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். தெரியாததால், வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

வெளிநாட்டில் இருக்கிற நமக்கும் ஒரு வேலை உண்டு. கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிக்கூடச் சுவருக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம். தெருவில் ஒரு பையன் ஜெயிலுக்குப் போனால் மட்டும் அந்த வீட்டின் பேரையே எடுக்கமாட்டோம். ஆஷிங்டன்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஊரறியப் பேசினார்கள். நாமோ, "அவன் துபாய்ல இருக்கான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லச் சொல்லிக்கொடுக்கிறோம். வெட்கம் ஒரு தாயைத் தனியே வரிசையில் நிற்க வைக்குமே தவிர, யாரையும் திருத்தாது.

ஒருவனை உள்ளே அடைத்து வைக்க அரசு செலவழிக்கிறது. அவன் மறுபடி உள்ளே போகாமலிருக்க சித்தி செலவழிக்கிறார். இரண்டாவது செலவுதான் ஊருக்கு லாபம். அதில் அரசும் நாமும் பங்கு போடுவது தர்மம் அல்ல, கடன்.